ஆர்.பி.என் எண்டால் என்ன?

(ஸ்காபரோவில் நடந்த ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழியை அப்படியே விட்டிருக்கிறேன்.)



"வெளிநாட்டில் படித்த தாதியர்" என்று பெரிய தலைப்பொன்றைத் தந்து பேசச் சொன்னீங்கள். நான் அதைச் சுருக்கி, மனநலத் தாதியரைப் பற்றி மட்டும் கதைக்கப்போறன். நான் இஞ்ச பிறந்த ஆள். என்ர தமிழ் பாதி வீட்டுத் தமிழ், பாதி சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். இடையில எங்கேயாவது தடக்கினால் ஆராவது சொல்லித் தாங்கோ.

ஆர்.பி.என். இந்த மூன்று எழுத்தில தொடங்குவம். ஒன்ராறியோவில் ஆர்.பி.என் என்றால் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா படித்த தாதி. ஆர்.என்னுக்கு அடுத்த படி. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா ஆகிய நாலு மேற்கு மாகாணங்களிலும் அதே மூன்று எழுத்துக்கு அர்த்தம் வேற. அங்கே அது மனநலத் தாதி. தனிப் படிப்பு, தனிப் பதிவு, தனித் தொழில். யாழ்ப்பாணத்தில மனநல வார்டில் வேலை செய்யிற ஒரு பிள்ளை இரவு போனில வேலை தேடேக்க, வன்கூவர் விளம்பரத்தைப் பார்த்து "கனடாவில் எனக்கெண்டே ஒரு தொழில் இருக்கு" என்று நினைக்கும். சொந்தக்காரர் ரொறொன்ரோவில் இருக்கினம், ஆகவே ரொறொன்ரோவுக்கு வரும். இஞ்ச வந்தால் அப்படி ஒரு தொழிலே சட்டத்தில் இல்லை. தாதி என்றால் தாதி. மகப்பேறு, குழந்தை, சத்திரசிகிச்சை, மனநலம் எல்லாத்துக்கும் ஒரே உரிமம்தான். மனநல வார்டில் பத்து வருடம் நின்றிருந்தாலும், உரிமம் குடுக்கிற இடத்தில அந்தப் பத்து வருடத்துக்குத் தனி மதிப்பு இல்லை. உரிமம் கையில வந்த பிறகு, வேலைக்கு எடுக்கிறவர் விரும்பினால் பார்ப்பார்.

அதாவது இரண்டு கதவு. முதல் கதவு சி.என்.ஓ, ஒன்ராறியோ தாதியர் கல்லூரி. பெயரில கல்லூரி என்று இருந்தாலும் அங்கே ஒருத்தரும் படிப்பிக்கிறதில்லை, அது உரிமம் வழங்குகிற ஒழுங்குமுறை அமைப்பு. இரண்டாம் கதவு ஆஸ்பத்திரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, உரிமம் இல்லாமல் ஆஸ்பத்திரிகளுக்கு நூறு விண்ணப்பம் போட்டுக் களைச்சுப்போன ஆக்களை எனக்குத் தெரியும்.

லண்டன்காரருக்கு இந்த விஷயத்தில் சிக்கல் இன்னும் கூட. இங்கிலாந்தில் 1919 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே மனநலத் தாதியருக்குப் பதிவேட்டில் தனிப் பகுதி. இண்டைக்கும் அங்கே தொடக்கத்திலேயே மனநலத்தை மட்டும் தெரிவு செய்து படிக்கலாம். அப்படிப் படித்தவர் மார்க்கத்தில் இருக்கிற தங்கச்சியோட வந்து சேர்ந்தால், இஞ்ச எழுதவேண்டிய என்க்ளெக்ஸ் பரீட்சை பிரசவத்தைப் பற்றியும் கைக்குழந்தையைப் பற்றியும் கேட்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் அடிப்படைப் படிப்பு பொதுப் படிப்பு. மனநலம் அதில ஒரு பகுதி. பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில பிறகு தனியாக மனநலத் தாதிய டிப்ளோமா செய்யலாம். ஆகவே எங்கட ஆக்கள் இந்த ஒரு விஷயத்தில லண்டன்காரரை விட முன்னுக்கு நிற்கினம். இதை ஒருத்தரும் அவைக்குச் சொல்லுறதில்லை.

என்ர சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். சொல்லலாம் என்று சம்மதித்தவ. இடங்களின் பேர் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. சித்தி மூன்று வருடத் தாதியப் பயிற்சி முடிச்சு, போர் முடிஞ்ச பிறகான வருடங்களில வடக்கில ஒரு மனநல வார்டில் நின்றவ. 2009க்குப் பிறகு அந்த வார்டுகளுக்கு வந்த சனத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998லேயே 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதி, போர் தமிழரின் மனதை என்ன செய்யுது என்று பதிந்தவர். அதற்குப் பிறகுதான் மிச்சமெல்லாம் நடந்தது. சித்தி 2013இல் இஞ்ச வந்தவ. இப்ப ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில பி.எஸ்.டபிள்யூ. குளிப்பாட்டுறது, உடுப்பு மாத்துறது, சாப்பாடு தீத்துறது. அது குறைஞ்ச வேலை என்று நான் சொல்லவில்லை. எத்தினையோ பேர் அந்த வேலையிலதான் எங்களை வளர்த்தவை. ஆனால் சித்தி படித்தது அது இல்லை.

அவவின் பத்திரங்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கோ, உங்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதை மாதிரி இருக்கும். 2014இல் என்.என்.ஏ.எஸ் என்று நாடளாவிய மதிப்பீட்டுச் சேவை ஒன்று தொடங்கினது. படித்த பள்ளிக்கூடம், பதிவு செய்த சபை, வேலை செய்த ஆஸ்பத்திரி எல்லாரும் தாங்களாகவே நேரடியாக அங்கே அனுப்பவேணும். கையில இருக்கிற சான்றிதழ் செல்லாது. பாடத்திட்டத்தை மணித்தியாலக் கணக்கோடு கேட்பினம். போரில பதிவேடுகள் அழிந்த ஊரில இருந்து, இருபது வருடத்துக்கு முந்தின பாடத்திட்டத்தை ஆர் தேடி எடுத்து முத்திரை குத்தி அனுப்புறது? கடைசியில வந்த அறிக்கை "ஓரளவு ஒப்பானது" என்று சொன்னது. ஓரளவு. சித்தி அந்தச் சொல்லை இப்பவும் வீட்டில பாவிப்பா. கறிக்கு உப்புப் பார்த்துச் சொல்லேக்க "ஓரளவு ஒப்பானது".

இதில ஒரு பொறி இருக்கு. சி.என்.ஓ கடந்த மூன்று வருடத்துக்குள் தாதியாக வேலை செய்ததுக்கு ஆதாரம் கேட்கும். நீங்கள் பத்திரத்துக்குக் காத்திருக்கிற வருடங்களிலதான் அந்த மூன்று வருடமும் ஓடி முடியும். காத்திருக்கிற நேரத்தில வாடகை கட்ட பி.எஸ்.டபிள்யூ வேலைக்குப் போவீங்கள். அந்த வேலை தாதியப் பணியாகக் கணக்கில் எடுபடாது. ஆக, உங்கட அறிவு பழசாகிப்போச்சு என்று சொல்லுறது அவை. பழசாகும்வரை வைச்சிருந்ததும் அந்த ஒழுங்குதான்.

ஆனால் அந்த அறிவை ஒருத்தரும் பாவிக்கவில்லையா? நல்லாப் பாவிச்சினம். சித்தியின்ர இல்லத்தில மறதிநோய் வந்த தமிழ் அம்மா ஒருவர் இருந்தா. நாற்பது வருடம் பேசின ஆங்கிலம் அவவை விட்டுப் போயிட்டுது, தமிழ் மட்டும் மிச்சம். இரவில் பாணைச் சீலைக்குள்ள முடிஞ்சு கட்டிலுக்குக் கீழ வைப்பா. கதவை மூடினால் கத்துவா. "ஆக்ரோஷமான நடத்தை" என்று குறிப்பில எழுதினவை. சித்தி வேற மாடியில வேலை செய்யிறவ. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு "வந்து என்ன சொல்லுறா எண்டு கேள்" என்பினம். சித்தி போய்ப் பக்கத்தில நிலத்தில இருப்பா. பங்கருக்குள்ள இருக்கிறதாக அவ நினைக்கிறா என்று சித்திக்கு இரண்டாம் நாளே விளங்கிட்டுது. கதவைக் கொஞ்சம் திறந்து வைச்சால், ஒரு சின்ன வெளிச்சம் விட்டால், சத்தம் குறையும் என்று சொன்னவ. குறைந்தது. அந்த யோசனை பராமரிப்புத் திட்டத்தில் ஏறினது. சித்தியின்ர பேர் ஏறவில்லை. மொழிபெயர்ப்புக்கு ஒரு சதமும் இல்லை. தன்ர மாடியில் பிந்தின வேலையைத் தானே ஓடி ஓடி முடிக்கவேணும்.

இதுதான் நான் இண்டைக்குச் சொல்ல வந்த விஷயம். ஒன்ராறியோவுக்கு இந்தப் பெண்களின் மனநல அறிவு தேவையில்லை என்று நினைக்காதேங்கோ. தேவை. ஆனால் உரிமம் குடுத்தால் அதுக்குச் சம்பளம் குடுக்கவேணும். குடுக்காவிட்டால் பி.எஸ்.டபிள்யூ சம்பளத்துக்குள்ள அது சும்மா வரும்.

தேவை எவ்வளவு என்று கேட்பீங்கள். மோர்ட்டன் பைசரும் கூட்டாளிகளும் ரொறொன்ரோத் தமிழர் நடுவே செய்த ஆய்வு 2003இல் வந்தது. கிட்டத்தட்ட நூறில் பன்னிரண்டு பேருக்குப் போர் அதிர்ச்சியால் வருகிற மனநோய்க்கான அறிகுறிகள். அவர்களிலும் பத்தில் ஒருவர்தான் சிகிச்சைக்குப் போனது. அது 2009க்கு முந்தின கணக்கு.

கதவு கொஞ்சம் திறந்தது எப்ப? நீதியைப் பற்றி ஆரோ யோசித்த நேரத்தில் இல்லை. 2019இல் ஃபோர்ட் அரசாங்கம் சட்டமூலம் 124ஐக் கொண்டுவந்து, தாதியர் உட்படப் பொதுத்துறையினருக்கு மூன்று வருடத்துக்கு வருடத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் சம்பளம் கூட்டக்கூடாது என்று கட்டிப்போட்டது. அடுத்த வருடம் கோவிட். முதியோர் இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பவேண்டி வந்தது. தாதியர் களைச்சு விலகினவை. அவசர சிகிச்சைப் பிரிவுகள் இரவில் மூடப்பட்டன. அதுக்குப் பிறகு, 2022 ஓகஸ்டில், சுகாதார அமைச்சர் சில்வியா ஜோன்ஸ் சி.என்.ஓவுக்கு உத்தரவு போடுறா: வெளிநாட்டில் படித்தவர்களைக் கெதியாகப் பதிவு செய்யுங்கோ என்று. அதே வருட நவம்பரில் நீதிமன்றம் 124 அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. 2024 பெப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்த, சட்டம் வாபஸ். உள்ளே இருக்கிற தாதியருக்குச் சம்பளம் கூட்ட மனமில்லாத அரசாங்கம் வெளியே நிற்கிற தாதியருக்குக் கதவைத் திறந்தது. இரண்டும் ஒரே கணக்குத்தான். இதை விளங்காமல் சங்கத்து ஆக்களும் வெளியில நிற்கிற ஆக்களும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுப் பார்த்தால் அரசாங்கத்துக்குச் சந்தோசம்.

ஆனாலும் திறந்த கதவு திறந்த கதவுதான், போகத்தான் வேணும். 2022 தொடக்கத்தில் இருந்தே ஒன்ராறியோ ஹெல்த்தும் சி.என்.ஓவும் சேர்ந்து மேற்பார்வையில் வேலைப் பயிற்சித் திட்டம் ஒன்று நடத்துகினம். எஸ்.பெப் என்று சொல்லுவினம். அந்த மூன்று வருடப் பொறியையும் மொழித் தகுதியையும் அதன் மூலம் தாண்டலாம். 2025 ஏப்ரல் 1 முதல், படித்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட தாதியப் படிப்பு என்றால் கல்வித் தகுதிக்கு ஏற்கினம், கூடவே இஞ்சத்தைய நடைமுறை பற்றிய ஒரு படிப்பை முடிக்கவேணும். "ஓரளவு ஒப்பானது" என்று பத்து வருடத்துக்கு முதல் கடிதம் வாங்கினவை அந்தக் கடிதத்தைத் தூக்கி எறியாமல், கோப்பைத் திரும்பத் திறக்கவேணும். யூடியூப்பில் 2019இல் போட்ட ஆலோசனையைக் கேக்காதேங்கோ. சி.என்.ஓவிடமே நேரே கேளுங்கோ. ரொறொன்ரோவில் கெயார் சென்ரர் என்று வெளிநாட்டில் படித்த தாதியருக்கான நிலையம் 2001இல் இருந்து இருக்குது, அங்கேயும் போங்கோ.

இப்ப பரீட்சை. 2015இல் கனடா தன்ர பரீட்சையை விட்டுட்டு அமெரிக்க என்க்ளெக்ஸை எடுத்தது. அது தனிக் கதை, அதைப் பற்றி எனக்கு நல்ல கோவம் இருக்கு, இண்டைக்கு விடுவம். அதில மன, சமூக நலம் பற்றின பகுதி நூறில் ஆறிலிருந்து பன்னிரண்டு. சின்னப் பகுதி. மனநல வார்டில் நின்றவை அதைச் சுலபமாகச் செய்வினம் என்று நினைப்பீங்கள். அதிலதான் சித்தியின்ர பயிற்சிக் கேள்விகள் பிழைச்சது. "நான் இனி எழும்பமாட்டன்" என்று நோயாளி சொல்லுறார், நீங்கள் என்ன சொல்லுவீங்கள்? எங்கட ஆக்கள் எல்லாரும் எடுக்கிற விடை: "பயப்பிடாதேங்கோ, எல்லாம் சரியாகும்." பரீட்சையில் அது பிழை. பொய் ஆறுதல் என்று அதுக்குப் பேர். "அப்படி ஏன் நினைக்கிறீங்கள்?" என்பதும் பெரும்பாலும் பிழை, ஏன் என்று கேட்டால் குற்றம் சாட்டுற மாதிரியாம். "எழும்பமாட்டன் எண்டு சொல்லுறீங்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்பது மாதிரியான விடைதான் சரி.

நான் சித்தியிடம் கேட்டன்: வார்டில் நீங்கள் "எல்லாம் சரியாகும்" என்று சொல்லுவீங்களா? "மூன்று பிள்ளையையும் குடுத்திட்டு வந்த மனுசிக்கு அப்பிடிச் சொல்ல ஏலுமே? பேசாமல் பக்கத்தில இருப்பம்" என்றா. அதையே விடையாக எடுத்தால் சரி என்று காட்டினன். ஒரு விடை "அமைதியாக நோயாளியுடன் இருத்தல்" என்றே இருந்தது. வார்டில் செய்ததை விட்டுட்டு, கனடாவில் நல்ல தாதி இப்படித்தான் சொல்லுவா என்று கற்பனை செய்து எழுதினதாலதான் பிழைச்சிருக்கு. இது சித்திக்கு மட்டும் நடக்கிற விஷயமில்லை என்று நினைக்கிறன்.

உரிமம் வந்த பிறகு வேலை நேர்காணல். இஞ்ச மனநல வேலை என்றால் குவீன் வீதியில் காம்எச், விற்பியில் ஒன்ராறியோ ஷோர்ஸ், பொது ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற சமூகக் குழுக்கள். அங்கே கட்டாயம் கேட்கிறது சட்டம். ஃபோர்ம் 1 என்றால் வைத்தியர் ஒருவரை மதிப்பீட்டுக்காக 72 மணித்தியாலம்வரை ஆஸ்பத்திரியில் தடுத்து வைக்கலாம். ஃபோர்ம் 3 என்றால் இரண்டு வாரம்வரை. அந்த ஆளுக்கு அதை எழுத்தில் அறிவிக்கவேணும், உரிமை ஆலோசகர் வந்து பார்க்கவேணும், சம்மத மற்றும் தகைமைச் சபையில் எதிர்த்துக் கேட்கலாம். ஊரில தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்து விட்டுட்டுப் போறதுதான் வழமை. இஞ்ச தாயிடம் கேட்டு ஒன்றும் செய்ய ஏலாது. இந்த வித்தியாசத்தை நேர்காணலில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால், அனுபவம் எங்கே பெற்றது என்ற கேள்வி பின்னுக்குப் போகும். "கனடிய அனுபவம்" கேட்கிறது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013லேயே சொன்னது. 2026 ஜனவரி முதல் 25 பேர் அல்லது அதுக்கு மேல் வைத்திருக்கிற முதலாளிமார் பகிரங்க வேலை விளம்பரத்தில் அதை எழுதவும் கூடாது. விளம்பரத்தில் எழுதாமல் மனசுக்குள்ள வைச்சிருக்கிறதை ஆர் தடுக்கிறது என்று கேட்டால், என்னிடம் பதில் சங்கம் ஒன்றுதான்.

போன கூட்டத்தில் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டவர். மனநல ஆஸ்பத்திரி என்பது அரசின் ஒடுக்குமுறை நிறுவனம், எங்கட பெண்களை அதுக்குள்ள அனுப்புறதுக்கு நாங்கள் ஏன் பாடுபடவேணும் என்று. நல்ல கேள்வி. காம்எச் இருக்கிற காணியைச் சுற்றி ஒரு பழைய செங்கல் மதில் நிற்குது, போய்ப் பாருங்கோ. 1850இல் மாகாணக் காப்பகமாகத் திறந்த இடம். அந்த மதிலை, உள்ளே அடைபட்டிருந்த நோயாளிகளே கூலி இல்லாமல் கட்டினவை. வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ரியூம் அந்த மதிலைச் சுற்றிச் சனத்தைக் கூட்டிக்கொண்டு நடந்து இந்தக் கதையைச் சொல்லுறவர். 999 குவீன் என்ற விலாசமே இந்த நகரத்தில் வசைச்சொல்லாகிப் போனதால், 1970களில் அதை 1001 ஆக்கினவை. எங்களுக்கு அங்கொடை மாதிரி. "இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று நாங்கள் பகிடி விடுறதில்லையா?

என்ர பதில் இது. அந்த மதிலுக்குள்ள எங்கட ஆக்கள் ஏற்கெனவே இருக்கினம், நோயாளிகளாக. பூட்டின வார்டில் தமிழில மட்டும் அழுகிற ஒருவரை, அவர் என்ன சொல்லுறார் என்று தெரியாத நாலு பேர் பிடிச்சு ஊசி போடுறதுக்கும், தெரிஞ்ச ஒருவர் கிட்ட இருக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அந்த ஒருவருக்கு "இண்டைக்கு ஊசி வேண்டாம்" என்று சொல்லுற அதிகாரம் இருக்கவேணும். பி.எஸ்.டபிள்யூவுக்கு அது இல்லை. உரிமம் உள்ள தாதிக்கு ஓரளவு இருக்கு. அதே நேரம், கறுத்த தோலோடு அந்த வார்டில் நிற்கிறது லேசில்லை. ரொறொன்ரோவில் நோர்த்வெஸ்டேர்ன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் கறுப்பினத் தாதியர் இனப்பாகுபாட்டுக்கு எதிராக மனித உரிமை முறைப்பாடு செய்து 1994இல் தீர்வு வாங்கினவை. அவை திறந்த வழியிலதான் நாங்கள் நடக்கிறம், அதைத் தமிழ்க் கூட்டங்களில ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கு, அதுக்கு என்னிடம் லேசான பதில் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் இருந்து வைத்தியரும் தாதியரும் கூட்டமாக வெளிக்கிடுகினம். சித்தி நின்ற மாதிரி ஒரு வார்டில இப்ப ஆர் நிற்கிறது? போகாதேங்கோ என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லுற உரிமை ஸ்காபரோவில் பிறந்த எனக்கு இல்லை. ஆனால் இஞ்ச ஏற்கெனவே வந்து பத்து வருடமாகக் கட்டில் விரிப்பு மாத்துறவையை விட்டுட்டு, அங்கேயிருந்து புதிதாக ஆள் எடுக்கிற மாகாணத்தைக் கேள்வி கேட்கலாம். முதலில் இஞ்ச இருக்கிறவைக்கு உரிமம் குடு என்று கேட்கிறது அங்கத்தைய வார்டுக்கும் நல்லது.

சரி, வேலைக்கு வருவம். நாங்கள் மூன்று விஷயம் தொடங்கப்போறம். பழைய கோப்புகளைத் திரும்பத் திறக்கிறதுக்கு ஒரு மேசை. வியாழன் பின்னேரங்களில என்க்ளெக்ஸ் படிப்பு வட்டம், சித்தி வாறன் என்று சொல்லியிருக்கிறா, அவவும் எழுதப்போறா. மூன்றாவது, வேலைத்தலத்தில சும்மா மொழிபெயர்க்கச் சொன்னால் திகதி, நேரம், எத்தினை நிமிடம் என்று எழுதி வைக்க ஒரு சின்னக் கொப்பி. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கொப்பிகளைச் சேர்த்துச் சங்கத்துக்கு முன்னால வைப்பம், முறைப்பாடாக. பேர் தெரியாமல் எழுதுங்கோ, நோயாளியின் பேர் ஒருபோதும் எழுதாதேங்கோ.

தாதியர் அல்லாதவைக்கும் வேலை இருக்கு. ஸ்கான் பண்ணத் தெரிஞ்ச இரண்டு பேர் வேணும். சிங்களத்தில கடிதம் எழுதத் தெரிஞ்ச ஒருவர் கட்டாயம் வேணும், கொழும்பில இருந்து பதில் வரவேணுமெண்டால். வியாழக்கிழமைகளில ஆறில இருந்து எட்டு மணிவரை பிள்ளைகளைப் பார்க்க மூன்று பேர். அண்ணாமார் ஆராவது கை தூக்கினால் நல்லது, தேத்தண்ணி மேசையில தாள் கிடக்கு.